கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைதான் ஐடியில் நிலைக்கும்

உயர்தரப் பெறுபேறு வெளிவரும் வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "சேர், மகன ஐடிக்குப் போடலாமா? படிச்சு முடிச்ச உடனே வேலையாம். வீட்டில இருந்தே டொலர்ல உழைக்கலாமாம்." எந்தக் கம்பஸ், எவ்வளவு கட்டணம், எத்தனை வருடம் என்று எல்லாம் விசாரிப்பார்கள். "மகனுக்கு ஒரு விஷயம் விளங்காட்டி வாயத் திறந்து கேட்பாரா?" என்று நான் திருப்பிக் கேட்டால் மட்டும் மறுபக்கம் கொஞ்சம் அமைதி. பிறகு, "அவர் கொஞ்சம் கூச்சம் சேர்" என்பார்கள். அது ஒரு நல்ல குணம் என்பது போலத்தான் சொல்வார்கள்.

இந்தப் பதிவு அந்தக் கூச்சத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். ஐடி படிக்கும் அல்லது படிக்கப்போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஆறுதலாக வாசியுங்கள்.

மென்பொருள் பொறியியலாளரின் வேலை நாள் முழுக்க வேகமாகத் தட்டச்சு செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையில் பெரும்பகுதி மாட்டிக்கொண்டு நிற்பதுதான். நேற்று ஓடிய செய்நிரல் இன்று ஓடாது. யாரோ எழுதிய பழைய நிரலைத் திருத்த வேண்டும், எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். புதிய பதிப்பு வந்தால் பழைய கட்டளை வேலை செய்யாது. இருபது வருட அனுபவம் உள்ளவரும் மாட்டிக்கொள்வார். அப்போது அவர் தேடுவார், வாசிப்பார், அதற்கும் சரிவராவிட்டால் கேட்பார். பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்பார், அல்லது உலகத்தின் வேறொரு மூலையில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரிடம் கேட்பார். இந்தத் துறையே அப்படிக் கேட்டும் சொல்லிக் கொடுத்தும்தான் வளர்ந்திருக்கிறது.

1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஒரு இணையக் குழுவில் ஒரு செய்தி போட்டார். தான் ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்குத்தான், பெரிதாக வராது என்றும் எழுதி, அப்போது மாணவர்கள் பாவித்த மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டிருந்தார். அதுதான் லினக்ஸ். இன்று நமது கைகளில் இருக்கும் அண்ட்ரொய்ட் போன்களின் அடியில் ஓடுவது அதுதான். அந்தப் பையன் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

நமது நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து நமது கரையோர ஊர்களை அள்ளிக்கொண்டு போனபோது, காணாமல்போனவர்களைப் பதியவும் முகாம்களையும் நிவாரணத்தையும் ஒழுங்குபடுத்தவும் இலங்கையின் மென்பொருள் ஆட்கள் தொண்டர்களாகச் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் சஹானா. அதன் நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டார்கள். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பாவிக்கப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவர் விட்ட பிழையை மற்றவர் திருத்தினால்தான் இப்படி ஒரு வேலை நடக்கும்.

இப்போது நமது பிள்ளைகளிடம் வருவோம்.

சாதாரணதரத்தில் பஸ்கல், உயர்தரத்தில் பைதன் என்று செய்நிரலாக்கம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நல்ல பெறுபேறுகளும் வருகின்றன. பரீட்சைத் தாளில் கேள்வி கேட்பது பரீட்சைத் திணைக்களம், பதில் எழுதுவது பிள்ளை. பதின்மூன்று வருடப் படிப்பில் ஒரு கேள்வியை எப்படி அமைப்பது என்பதற்குப் பிள்ளைக்கு ஒரு புள்ளி கூடக் கிடைப்பதில்லை. பல வகுப்பறைகளில் நிலைமை அதைவிட மோசம். எழும்பிக் கேட்கும் பிள்ளையைப் பார்த்துப் பின்வாங்கு சிரிக்கும். "இவ்வளவு நேரமும் எங்க இருந்த நீ?" என்ற பதில் வரும். இரண்டு முறை அப்படி நடந்தால் அந்தப் பிள்ளை மூன்றாம் முறை எழும்பாது. விளங்கியது போலத் தலையாட்டப் பழகிவிடும். இந்தப் பழக்கத்தோடு கம்பனிக்குப் பயிலுனராகப் போகும் பிள்ளை, இரண்டு மணித்தியால வேலையில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருக்கும். நான்காம் நாள் மேலதிகாரி கேட்கும்போதுதான் தெரியவரும். அறிவு இல்லாததால் வேலையை இழந்தவர்களை விட, கேட்காமல் இருந்து வேலையை இழந்த பழைய மாணவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். உயர்தரம் முடித்து வீட்டில் இருந்தபடியே வெளிவாரியாகத் தகவல் தொழினுட்பம் படித்தவர். கொழும்பில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அறைத் தோழர்கள் இருப்பார்கள், சீனியர்மார் இருப்பார்கள், இரவு பன்னிரண்டு மணிக்கும் கதவைத் தட்டிக் கேட்கலாம். இவருக்கு அப்படி ஒருவரும் இல்லை. வாப்பா மீன் வியாபாரம், உம்மாவுக்குக் கணினியைத் துடைத்து வைக்க மட்டும்தான் தெரியும். நமது ஊர்களில் இப்படி எத்தனை பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு அந்தச் சீனியர் இருக்கும் ஒரே இடம் இணையம்தான்.

அவர் முதல் தடவையாக ஸ்டெக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒரு கேள்வி போட்டார். 2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்பொல்ஸ்கி என்ற இருவர் தொடங்கிய தளம் அது. செய்நிரல் எழுதும் எவரும் கூகிளில் எதைத் தேடினாலும் அங்கேதான் போய் நிற்பார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் வாக்குப் போடுவார்கள், சரியில்லாத கேள்வியை மூடிவிடுவார்கள். இவருடைய கேள்வி அரை மணித்தியாலத்துக்குள் மூடப்பட்டது. மூன்று எதிர் வாக்குகள். மேலே எழுதியிருந்த வணக்கத்தையும் கீழே எழுதியிருந்த நன்றியையும் யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

"சேர், எனக்கு இது சரிவராது. அவங்கட ஆக்களுக்குத்தான் சொல்லிக் குடுப்பாங்க போல" என்று குரல் செய்தி அனுப்பினார். ஆங்கிலம் போதாது, தான் ஒரு பெண், பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிட்டார்கள் என்று பலதையும் நினைத்து அழுதிருக்கிறார். ஐடியை விட்டுவிட்டு ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டார்.

நான் அந்தக் கேள்வியை வாங்கிப் பார்த்தேன். "மதிப்புக்குரிய சேர்மார்களே" என்று தொடங்கி, தான் இலங்கையில் படிக்கும் மாணவி என்று சொல்லி, "எனது செய்நிரல் வேலை செய்யவில்லை, அவசரம், தயவுசெய்து உதவவும்" என்று முடிந்திருந்தது. நடுவில் கணினித் திரையைப் போனால் சாய்வாக எடுத்த ஒரு படம். கீழே இருவர் சிறு குறிப்பு எழுதியிருந்தார்கள். ஒருவர், என்ன வர வேண்டும், என்ன வருகிறது என்று கேட்டிருந்தார். மற்றவர், பைதனின் எந்தப் பதிப்பு, நிரலைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள் என்றிருந்தார். எனக்கு அதில் ஏச்சு எதுவும் தெரியவில்லை. ஒரு நல்ல வைத்தியர் முதலில் "எங்க நோகுது? எப்ப இருந்து?" என்று கேட்பது போலத்தான் இருந்தது. "மகள், இந்த ரெண்டு பேரும் உங்களுக்கு உதவி செய்ய வந்தவங்க. நீங்க பதில் சொல்லாம ஓடி வந்துட்டீங்க" என்று சொன்னேன்.

அவருடைய பிரச்சினை மிகச் சிறியது. இரண்டு பாடங்களின் புள்ளிகளை வாங்கிக் கூட்டும் செய்நிரல். 60, 70 என்று கொடுத்தால் 130 வர வேண்டும். திரையில் 6070 என்று வந்தது. ஐசிடி படிப்பிக்கும் எவருக்கும் இது பழகிய வழு. பைதன் 3இல் இன்புட் என்ற கட்டளை, விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அதை எழுத்துக்களாகத்தான் எடுத்துக்கொள்ளும். 60 அதற்கு அறுபது அல்ல, ஒரு ஆறும் ஒரு பூச்சியமும். எழுத்துக்களைக் கூட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில் முழுவெண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டினால் சரி. பழைய பைதன் 2இல் அதே வரிகளை ஓட்டினால் 130 என்று சரியாகவே காட்டும், ஏனென்றால் அங்கே அந்தக் கட்டளை தட்டியதைக் கணக்கிட்டே எடுக்கும். பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டாலும் பழைய வீடியோக்களும் பழைய டியூட்டுகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இவர் பார்த்துப் படித்ததும் அப்படி ஒரு வீடியோதான். எந்தப் பதிப்பு என்று அந்த முகம் தெரியாத மனிதர் கேட்டது எவ்வளவு பெறுமதியான கேள்வி என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

பிறகு இருவரும் சேர்ந்து கேள்வியைத் திருத்தினோம். நான் என் மாணவர்களுக்கெல்லாம் சொல்வது மூன்று வரிகள்:

1. நான் எதிர்பார்த்தது என்ன?
2. எனக்குக் கிடைத்தது என்ன? (வழுச் செய்தி வந்தால் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே.)
3. நான் இதுவரை என்ன செய்து பார்த்தேன்?

இவற்றோடு, பிழை வரும் இடத்தை மட்டும் காட்டும் சின்ன நிரல். இருநூறு வரிகளையும் கொட்டக்கூடாது. மற்றவர் அப்படியே எடுத்துத் தன் கணினியில் ஓட்டினால் அதே பிழை அவருக்கும் வர வேண்டும். படம் போட்டால் எப்படி ஓட்டுவார்? இருநூறு வரிகளை எட்டாகக் குறைப்பது லேசான வேலை இல்லை. ஆனால் குறைத்துக்கொண்டு போகும்போதே பல தடவை பிழை தானாக அகப்பட்டுவிடும். இதற்கு அந்தத் துறையில் ஒரு வேடிக்கையான பெயரும் உண்டு: ரப்பர் வாத்து முறை. 1999இல் வெளிவந்த 'த பிரக்மடிக் புரோகிராமர்' என்ற புத்தகத்தால் பிரபலமானது. மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு நிரலை வரிவரியாக விளங்கப்படுத்தினால், சொல்லும்போதே நமக்குப் பிழை தெரிந்துவிடும். அந்த மாணவிக்கும் அதுதான் நடந்தது. மூன்றாவது வரியை எழுதும்போது, "சேர், அது எழுத்தா எடுக்குது போல" என்று அவரே சொன்னார். கேள்வியைத் திரும்பப் போட வேண்டிய தேவையே வரவில்லை.

வணக்கத்தையும் நன்றியையும் வெட்டியதுதான் அவருக்குக் கூடுதலாக வலித்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் ஸலாம் சொல்லாமல் ஒரு வீட்டுப் படி ஏறமாட்டோம். சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வந்தால் அது மரியாதைக் குறைவு. ஆனால் அந்தத் தளம் ஒரு வீடு இல்லை, ஒரு நூலகம். பத்து வருடம் கழித்து இதே பிழையோடு தேடி வருபவர் வாசிக்கப்போவது அந்தப் பக்கத்தை. அவருக்குத் தேவை கேள்வியும் விடையும் மட்டும். அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் வணக்கம் எழுதமாட்டோம் அல்லவா, அது போல. "சேர்" என்று அழைக்கவும் தேவையில்லை, பதில் சொல்பவர் ஒரு பதினாறு வயதுப் பையனாகவும் இருக்கலாம். அங்கே மரியாதை என்பது கேள்வியைத் தெளிவாக எழுதி மற்றவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. பதில் வேலை செய்ததா இல்லையா என்று திரும்ப வந்து சொல்வது. ஆனால் ஒரு வட்ஸ்அப் குழுவிலோ டிஸ்கோர்டிலோ கேட்கும்போது ஸலாமும் சொல்லலாம், நன்றியும் சொல்லலாம். இடமறிந்து நடப்பது நமக்குப் புதிதல்லவே.

அதற்காக அங்கே இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. குத்திப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். புதியவர்களுக்கும் பெண்களுக்கும் வேறு பலருக்கும் இந்த இடம் வரவேற்பாக இல்லை என்பதை 2018இல் அந்த நிறுவனமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டு நடத்தை விதிகளைத் திருத்தியது. ஆகவே பிள்ளைக்கு ஒரு பாகுபாடு சொல்லிக் கொடுக்க வேண்டும். "உன் கேள்வி விளங்கவில்லை" என்பது திருத்தம், எடுத்துக்கொள். "உனக்கு இது வராது" என்பது அவமதிப்பு, புகாரளித்துவிட்டு அடுத்த வேலையைப் பார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பிள்ளை இரண்டிலிருந்தும் ஓடிவிடும்.

ஆங்கிலம் பற்றி. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகளின் பெரிய பயம் இதுதான். ஸ்டெக் ஓவர்ஃப்ளோ போர்த்துக்கேயம், ஸ்பானியம், ரஷ்யம், ஜப்பானியம் ஆகிய மொழிகளிலும் இருக்கிறது, தமிழில் இல்லை. ஆனால் மேலே சொன்ன மூன்று வரிகளுக்குத் தேவையான ஆங்கிலம் எவ்வளவு? "ஐ எக்ஸ்பெக்டட்", "ஐ கொட்", "ஐ ட்ரைட்". தரம் ஏழு ஆங்கிலம் போதும். இலக்கணம் பிழைத்தால் யாராவது திருத்திவிடுவார்கள். எண்ணம் குழம்பியிருந்தால்தான் ஒருவராலும் திருத்த முடியாது.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். பிள்ளைகள் உண்மையான தேவையை மறைத்துவிட்டு இடையில் தாங்கள் பிடித்த வழியைப் பற்றி மட்டும் கேட்பார்கள். "ஒரு கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்துக்களை எப்படி எடுப்பது?" என்று கேட்பார். ஏன் என்று விசாரித்தால், அது என்ன வகைக் கோப்பு என்று அறிய வேண்டுமாம். எல்லாக் கோப்புக்கும் வகைக் குறி மூன்று எழுத்தா? வேர்ட் கோப்புக்கு இப்போது நான்கு. வகையை அறியத்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நேர் வழியைக் காட்டியிருப்பார்கள். கடைக்குப் போய் "நீளமான கம்பு இருக்கா?" என்று கேட்காமல், "மாங்காய் பறிக்க வேணும்" என்று சொன்னால் கடைக்காரர் தொரட்டியை எடுத்துத் தருவார்.

"இப்ப சட்ஜிபிடி இருக்கே சேர், மனிசர்ட்ட ஏன் கேக்கணும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது வந்த பிறகு இந்தத் தளங்களில் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மைதான். நானும் பாவிக்கிறேன். ஆனால் 2022 நவம்பர் இறுதியில் அது வெளிவந்து ஒரு வாரம் போவதற்குள் ஸ்டெக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தன் தளத்தில் போடத் தடை விதித்தது. காரணம், பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஆனால் பிழையான பதில்கள் நிறையக் குவிந்தன. முகம் தெரியாத அந்த மனிதர் "உன் கேள்வி விளங்கவில்லை" என்று சொல்லி ஒரு பிள்ளையைச் சிந்திக்க வைத்தார். இயந்திரம் பெரும்பாலும் அரைகுறைக் கேள்விக்கும் ஒரு முழுப் பதிலை நீட்டிவிடும். அது சரியா பிழையா என்று பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அது ஆபத்து. பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல வேலைக்காரன். எப்படியும், அதனிடம் கேட்பதற்கும் அதே மூன்று வரிகள்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கடவுச்சொல், வங்கி விபரம், கம்பனியின் இரகசிய நிரல் எதையும் பொதுவெளியில் போடக்கூடாது. இயந்திரத்திடமும் கொடுக்கக்கூடாது. பெண் பிள்ளைகள் சொந்தப் படம், தொலைபேசி இலக்கம் எதுவுமின்றி இந்தத் தளங்களில் இயங்கலாம், அதில் எந்தக் குறையும் வராது. உதவி செய்கிறேன், தனியாக இலக்கம் அனுப்பு என்று எவராவது கேட்டால் அந்த உதவி வேண்டாம். உண்மையான பதிலை எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே எழுதலாம்.

அந்த மாணவி இப்போது ஒரு கம்பனியில் பயிலுனர். வாரத்தில் பெரும்பாலும் வீட்டில் இருந்துதான் வேலை. சம்பளம் இன்னும் பெரிதாக இல்லை, டொலரும் இல்லை. ஆனால் நேர்முகப் பரீட்சையில் அவரிடம், "உங்களால் தீர்க்க முடியாத ஒரு பிரச்சினை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வரிகளையும் சொல்லியிருக்கிறார். போன மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: புதிதாக வந்த ஒருவரின் கேள்விக்கு முதல் தடவையாகப் பதில் எழுதினாராம். அவரும் வணக்கம் சொல்லித்தான் கேள்வியைத் தொடங்கியிருந்தாராம்.

ஆகவே பெற்றோர்களே, கம்பஸுக்குப் பணம் கட்ட முன்னர் வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். பிள்ளை ஏதாவது விளங்கவில்லை என்று சொன்னால் ஏசாதீர்கள். "எது வரைக்கும் விளங்கிச்சு?" என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, ஐசிடி வகுப்பில் வாரம் ஒரு பாடவேளை பிள்ளைகள் கேள்வி எழுதட்டும், விடை வேண்டாம், கேள்வி மட்டும். நல்ல கேள்விக்குப் புள்ளி போடுங்கள். செலவில்லாத வேலை, கணினி பழுதாகிக் கிடக்கும் பாடசாலையிலும் ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

ஐடி படிக்கும் தம்பி தங்கைமார் யாராவது எங்காவது மாட்டிக்கொண்டு நின்றால் கீழே கருத்தில் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். மூன்று வரிகளோடு கேளுங்கள். எனக்குத் தெரிந்தால் நான் சொல்கிறேன், தெரியாவிட்டால் எனது பழைய மாணவர்கள் யாராவது சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.